குடலைக் கழுவினால் சரியாகுமா, டாக்டர்?

பெயரையும் ஊரையும் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு ஒரு வாசகி நான்கு பக்கம் எழுதியிருக்கிறார். வயது 43. எட்டு மாதமாக, வாரத்தில் இரண்டு மூன்று நாள், மலத்தோடு வெள்ளையாக வழவழவென்று ஏதோ சேர்ந்து வருகிறது. அதற்கு முன் அடிவயிறு இழுத்துப் பிடிக்கிறது. மலம் கழித்ததும் அடங்கிவிடுகிறது. ‘பல வருடமாகக் குடலில் ஒட்டிக்கிடக்கும் கழிவுதான் இப்படிச் சளியாக வருகிறது’ என்று நாத்தனார் சொல்லியிருக்கிறார். அதை நம்பி ஒரு குடல் சுத்திகரிப்புப் பொடியை வாங்கி, உணவைக் குறைத்துக்கொண்டு, பத்து நாள் தண்ணீரில் கலக்கிக் குடித்திருக்கிறார். நான்காம் நாள் கரும்பச்சை நிறத்தில், ரப்பர் போல, ஒரு முழ நீளத்துக்குக் கயிறு கயிறாக வெளியே வந்தது. உடம்பே லேசாகிவிட்டதாம். ஒரே மாதத்தில் சளி திரும்பிவிட்டது.

அடுத்து, மாவுச்சத்துதான் சளியை உண்டாக்குகிறது என்று எங்கோ படித்துவிட்டு, தானியம், பருப்பு, பழம், காய்கறி எல்லாவற்றையும் நிறுத்தி, மூன்று மாதம் இறைச்சியும் முட்டையும் பாலாடைக்கட்டியுமாக ஓட்டியிருக்கிறார். அதன் பிறகு, குடலில் உள்ள நுண்ணுயிர்களைக் கணக்கெடுக்கும் பரிசோதனைக்கு மலத்தை அனுப்பினார். முப்பது பக்க ரிப்போர்ட்டில் ‘அக்கர்மான்சியா’ என்ற பெயருக்கு எதிரே சிவப்பு அம்புக்குறி: அளவு அதிகம். அது குடல் சளியைத் தின்னும் பாக்டீரியா என்று தெரிந்ததும் தூக்கம் போய்விட்டது. கணவரோ, அது நல்ல பாக்டீரியா, அதையே மாத்திரையாக விற்கிறார்கள், வாங்கிச் சாப்பிடு என்கிறார்.

அவருடைய கேள்விகள் மூன்று. ஆண்டுக்கு இரண்டு முறை குடலைக் கழுவலாமா? இந்த பாக்டீரியாவை மட்டும் கொல்லும் ஆன்டிபயாடிக் எழுதித் தர முடியுமா? அல்லது கணவர் சொல்வதுபோல் அதையே விழுங்க வேண்டுமா? கையெழுத்துக்குக் கீழே, போகிற போக்கில் ஒரு வரியும் இருக்கிறது: ‘சில நாள் துடைக்கும் தாளில் லேசாக இளஞ்சிவப்பு தெரிகிறது. மூலமாக இருக்கும் என்று விட்டுவிட்டேன்.’

அன்புள்ள வாசகிக்கு,

மூன்று கேள்விகளுக்கும் வருகிறேன். அதற்கு முன், கையெழுத்துக்குக் கீழே நீங்கள் எழுதிய அந்த நான்காவது விஷயம். நான்கு பக்கக் கடிதத்தில் ஒரு குடல் மருத்துவரின் கண் போய் நிற்கிற இடம் அதுதான்.

சளி மட்டும் வந்து, வயிறு இழுத்துப் பிடித்து, மலம் கழித்ததும் வலி அடங்கினால், பெரும்பாலும் அது எரிச்சல் குடல் நோய். தொல்லை கொடுக்கும், குடலை அழிக்காது. சளியும் ரத்தமும் சேர்ந்து வந்தால் கணக்கு மாறிவிடுகிறது. நீங்கள் நினைப்பதுபோல் மூலமாகவே இருக்கலாம். பலருக்கு அப்படித்தான் முடிகிறது. ஆனால் மூலம் என்பதைப் பரிசோதித்துவிட்டுத்தான் சொல்ல வேண்டும், ஊகித்துச் சொல்லக் கூடாது. பெருங்குடல் அழற்சி, அமீபா தொற்று, பாலிப் என்கிற சதை வளர்ச்சி, அரிதாகப் புற்றுநோய் ஆகியவையும் இதே இளஞ்சிவப்பில்தான் ஆரம்பிக்கும். எட்டு மாதம் என்பது காத்திருக்கும் காலம் அல்ல. ஆசனவாய்ப் பரிசோதனை, ரத்தசோகை இருக்கிறதா என்று ஒரு ரத்தப் பரிசோதனை, மலத்தில் கிருமிகளுக்கும் ‘கால்புரோடெக்டின்’ என்ற புரதத்துக்கும் பரிசோதனை (குடலில் அழற்சி இருந்தால் இந்தப் புரதம் உயரும்), உங்கள் வயதுக்கும் அறிகுறிக்கும் அநேகமாக ஒரு கொலனோஸ்கோபி (ஆசனவாய் வழியே கேமரா பொருத்திய குழாயைச் செலுத்திப் பெருங்குடலைப் பார்ப்பது). இந்தப் பத்தியோடு நிறுத்திவிட்டு மீதியை நாளைக்குப் படித்தாலும் பரவாயில்லை. அப்பாயின்ட்மென்ட்டை இன்றே வாங்கிவிடுங்கள்.

இனி சளி. உங்கள் நாத்தனாரைக் குறை சொல்ல மாட்டேன். நம் மொழியே அவர் பக்கம் நிற்கிறது. சளி பிடிக்கிறது, சளி கட்டுகிறது, சளியைக் காறித் துப்புகிறோம். சளி என்றாலே வெளியேற்ற வேண்டிய ஒன்று என்றுதான் சிறு வயதிலிருந்து பழகியிருக்கிறோம். மலத்தோடு வந்தால் அதற்குச் சீதம் என்று பெயர் வைத்து, ‘சீதபேதி’ என்று நோயின் பெயரிலேயே சேர்த்துவிட்டோம். குடலுக்கு உள்ளே, தன் இடத்தில், தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும் சளிக்கு நம்மிடம் ஒரு நல்ல பெயர்கூட இல்லை. மருத்துவர்களான நாங்களும் பெரிய யோக்கியர்கள் இல்லை. நான் படித்த காலத்தில் குடல் திசுவை ஃபார்மலினில் ஊறவைத்து, வெட்டி, சாயமேற்றி மைக்ராஸ்கோப்பில் காட்டுவார்கள். குடல் சுவருக்கும் மலத்துக்கும் நடுவே ஒரு வெற்று இடம் தெரியும். வெற்றிடம் என்றே நினைத்துக்கொண்டு அடுத்த ஸ்லைடுக்குப் போய்விடுவோம். தண்ணீர் கலந்த அந்தத் திரவங்களில் சளிப்படலம் குலைந்து போயிருந்தது என்பது யாருக்கும் உறைக்கவில்லை. தண்ணீரே இல்லாத, ஆல்கஹாலும் குளோரோஃபார்மும் கலந்த ‘கார்னாய்’ என்ற கலவையில் பதப்படுத்திப் பார்த்தால் அந்த இடைவெளி நிறையச் சளி இருக்கிறது.

அப்படிப் பார்த்தவர்களில் முக்கியமானவர்கள் ஸ்வீடனின் கோதன்பர்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மாலின் யோஹான்சனும் குன்னார் ஹான்சனும். 2008-இல் எலியின் பெருங்குடலில் அவர்கள் காட்டியது இது: சளி ஒரே படலம் அல்ல, இரண்டு அடுக்கு. வெளி அடுக்கு தளர்வானது, பாக்டீரியாக்கள் நெரிசலாகக் குடியிருப்பது. சுவரை ஒட்டிய உள் அடுக்கு இறுக்கமானது, பாக்டீரியா ஏறக்குறைய இல்லாதது. மனிதரிடம் இந்த உள் அடுக்கின் கனம் சுமார் 0.2 மில்லிமீட்டர். இரண்டு தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் எவ்வளவோ அவ்வளவு. நம் உடம்பில் சுமார் 38 லட்சம் கோடி பாக்டீரியாக்கள் இருப்பதாக ஒரு மதிப்பீடு. அதில் மிகப் பெரும் பங்கு பெருங்குடலில். அவை ஒரு பக்கம், நம் ரத்த ஓட்டம் மறுபக்கம், நடுவே ஒற்றை வரிசைச் செல்கள், அவற்றின்மேல் இந்த இரண்டு தாள் கனம். நீங்கள் கழுவ நினைப்பது இதைத்தான்.

இதைச் சுரப்பவை கோப்பை வடிவச் செல்கள். ‘மியூசின் 2’ என்ற புரதத்தைச் சுருட்டி மடித்து வைத்திருந்து வெளியே விடுகின்றன. வெளியே வந்ததும் அது தண்ணீரை இழுத்துப் பல நூறு மடங்கு விரிகிறது. குடல் சுவரில் உள்ள சிறு குழிகளின் வாயில் காவல்காரர் மாதிரி ஒரு வகைக் கோப்பைச் செல் இருப்பதை எலிகளில் கண்டிருக்கிறார்கள். பாக்டீரியாவின் வாசனை மிக அருகில் வந்துவிட்டால் அது தன்னிடம் இருக்கும் சளி முழுவதையும் ஒரேயடியாகக் கொட்டி, பக்கத்துச் செல்களுக்கும் தகவல் சொல்லி, குழிக்குள் நுழைய வந்ததைத் தள்ளிவிடுகிறது. இந்த மியூசின் 2-ஐ உண்டாக்கும் மரபணுவை எலிகளில் நீக்கிப் பார்த்தார்கள். பாக்டீரியாக்கள் சுவரில் நேராக உட்கார்ந்தன, குடல் அழற்சி வந்தது, நாளடைவில் குடல் புற்றுநோயும் வந்தது.

இந்தச் சளி பாக்டீரியாக்களைத் தள்ளிவைப்பதோடு நிற்பதில்லை. உள்ளே யார் குடியிருக்கலாம் என்பதையும் பெரிய அளவில் அதுவே தீர்மானிக்கிறது. மியூசினின் எடையில் சுமார் 80 சதவீதம் சர்க்கரைச் சங்கிலிகள். இவற்றை வெட்டித் தின்ன, சங்கிலியின் ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு தனி நொதி வேண்டும். அந்த நொதிகளை வைத்திருப்பவருக்கு நாம் பட்டினி கிடக்கும் நாளிலும் சாப்பாடு உண்டு. வெட்டி எறியும் மிச்சத்தைத் தின்று பிழைக்க இன்னொரு கூட்டம் வருகிறது. சங்கிலியைப் பற்றிக்கொள்ளும் கொக்கி வைத்திருப்பவை மலத்தோடு அடித்துச் செல்லப்படாமல் தங்குகின்றன. பற்ற முடியாதவை போய்விடுகின்றன. சங்கிலியின் நுனியில் எந்தச் சர்க்கரை என்பது ஆளுக்கு ஆள் மாறும். ஐரோப்பிய வம்சாவளியினரில் சுமார் ஐந்தில் ஒருவருக்கு, ‘எஃப்யூடி2’ என்ற மரபணு வேலை செய்யாததால், ஃபியூகோஸ் என்ற சர்க்கரை அந்த நுனியில் சேர்வதில்லை. அவர்களுடைய குடலில் குடியிருப்போரின் பட்டியலும் சற்று மாறுகிறது. வாந்தி பேதியை உண்டாக்கும் நோரோ வைரஸின் பல வகைகள் அவர்களைத் தொற்ற முடியாமல் திரும்பிப் போகின்றன. அதே ஆட்களுக்கு, நாள்பட்ட குடல் அழற்சியான க்ரோன் நோய் வரும் வாய்ப்பு சற்றுக் கூடுதல். இயற்கை எதையும் முழுச் சலுகையாகக் கொடுப்பதில்லை போலும்.

சிறுகுடலில் ஏற்பாடே வேறு. உணவைக் கிரகிக்க வேண்டிய இடம் என்பதால் இறுக்கமான அடுக்கு அங்கே ஒத்துவராது. சளி ஒரே அடுக்கு, ஒட்டாதது, ஊடுருவ எளிதானது. அதனால் அங்கே சளியில் கிருமிகொல்லிப் புரதங்களையும் எதிர்ப்பொருள்களையும் கலந்து வைத்து உடம்பு சமாளிக்கிறது.

கயிறு கயிறாக வந்தது என்ன?

பொடிப் பொட்டலத்தின் பின்பக்கத்தைப் பாருங்கள். இந்த வகைப் பொடிகளில் வழக்கமாக இருப்பவை இசப்கோல் உமியும் பென்டோனைட் என்ற களிமண்ணும். மிச்சமிருக்கும் பொடியில் ஒரு கரண்டியை அரை டம்ளர் தண்ணீரில் கலக்கி அரை மணி நேரம் வைத்துவிட்டு, விரலால் எடுத்து உருட்டிப் பாருங்கள். இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும் ஒரு கொழகொழப்பு கையில் வரும். அதே கலவை உங்கள் பெருங்குடலில் தண்ணீரை இழந்து இறுகி, குடலின் வளைவு நெளிவை அச்சாக வாங்கிக்கொண்டு, பித்தத்தின் நிறத்தையும் ஏற்றுக்கொண்டு வெளியே வந்தது. வாயில் போட்டதுதான் வந்திருக்கிறது. நாள்தோறும் கொலனோஸ்கோபி செய்பவர்கள் குடல் சுவரில் பல வருடத்துக் கழிவு ரப்பராக ஒட்டியிருப்பதைப் பார்ப்பதில்லை. ஒட்டியிருக்கவும் வழியில்லை: எலியின் பெருங்குடலில் உள் சளி அடுக்கு ஓரிரு மணி நேரத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுகிறது, அடியில் இருக்கும் செல்களே மனிதரிடம் சில நாட்களுக்கு ஒருமுறை உதிர்ந்து புதிதாகின்றன. உடம்பு லேசானது என்று எழுதியிருக்கிறீர்களே, அது பொய்யில்லை. பத்து நாள் சாப்பாட்டைக் குறைத்தால் யாருக்கும் வயிறு லேசாகத்தான் இருக்கும்.

ஆகவே முதல் கேள்விக்குப் பதில், வேண்டாம். பேதியாக்கிக் கழுவும் முறைகளும் வேண்டாம். எலிகளுக்குச் சில நாட்கள் லேசான பேதியை உண்டாக்கியபோது சளிப்படலம் சிதைந்தது, பாக்டீரியாக் கூட்டம் மாறியது, சில மாற்றங்கள் பேதி நின்ற பிறகும் நிலைத்தன. இதைப் படித்துவிட்டுக் கொலனோஸ்கோபிக்குக் குடலைக் காலி செய்யும் மருந்தைக் குடிக்க மறுத்துவிடாதீர்கள். அது ஒரு தடவை, ஒரு காரணத்துக்காக. குடல் அதிலிருந்து மீண்டுவிடும். காரணமே இல்லாமல் ஆண்டுக்கு இரண்டு தடவை என்பதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

சிவப்பு அம்புக்குறியின் கதை

அக்கர்மான்சியாவை 2004-இல் நெதர்லாந்தின் வாகனிங்கன் பல்கலைக்கழகத்தில் அடையாளம் கண்டார்கள். முழுப் பெயரில் இருக்கும் ‘முசினிஃபிலா’ என்பதற்குச் சளிப் பிரியன் என்று பொருள். ஆரோக்கியமானவர்களின் குடல் பாக்டீரியாக்களில் சாதாரணமாகவே 1 முதல் 4 சதவீதம் இதுதான். சளியைத் தின்கிறது, உண்மை. ஆனால் அது தின்பது வெளி அடுக்கை, தேய்ந்து கழிய வேண்டியதை. தின்ற பிறகு வெளியேற்றும் அமிலங்கள் அக்கம்பக்கத்து பாக்டீரியாக்களுக்கும் குடல் செல்களுக்கும் உணவாகின்றன. வாடகை கொடுக்கும் குடித்தனக்காரர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சிக்கல் எப்போது வருகிறது என்றால், நாம் சாப்பாடு போடுவதை நிறுத்தும்போது. 2016-இல் வெளியான ஒரு ஆய்வில், பாக்டீரியாவே இல்லாமல் வளர்த்த எலிகளின் குடலில் மனிதக் குடலைச் சேர்ந்த 14 வகை பாக்டீரியாக்களைக் குடியேற்றினார்கள். நார்ச்சத்து கொடுத்த எலிகளில் சளி கெட்டியாக இருந்தது. நார்ச்சத்தை முற்றிலும் நிறுத்தியதும், நாரைத் தின்பவை ஒடுங்கின, சளியைத் தின்னத் தெரிந்தவை பெருகின, சளிப்படலம் மெலிந்தது. அந்த நிலையில் ஒரு குடல் நோய்க்கிருமியைக் கொடுத்தபோது அது சுவரை எளிதாக எட்டியது. நார் நின்றபோது பெருகியவற்றில் அக்கர்மான்சியாவும் ஒன்று. தானியம், பருப்பு, பழம், காய்கறி எல்லாவற்றையும் மூன்று மாதம் நிறுத்திய பிறகு எடுத்த உங்கள் மலத்தில் அது அதிகமாகத் தெரிந்ததில் எனக்கு வியப்பில்லை. அம்புக்குறி அந்த பாக்டீரியாவைப் பற்றிச் சொல்வதைவிட உங்கள் தட்டைப் பற்றித்தான் அதிகம் சொல்கிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். அந்த ரிப்போர்ட் காட்டுவது விகிதத்தை. மற்றவை குறைந்தாலே இது ‘அதிகம்’ ஆகிவிடும். தவிர, பரிசோதனைக்குப் போனது மலம். சுவரருகே சளியில் யார் இருக்கிறார்கள் என்பதை மலம் சரியாகச் சொல்லாது. தெருவில் போகிறவர்களை எண்ணி வீட்டுக்குள் இருப்பவர்களின் கணக்கைப் போட முடியுமா? இந்தப் பரிசோதனையை வைத்து யாருக்கும் நான் சிகிச்சை முடிவு செய்வதில்லை.

கொல்வதா, விழுங்குவதா?

அக்கர்மான்சியாவை மட்டும் பொறுக்கிக் கொல்லும் ஆன்டிபயாடிக் கிடையாது. இருக்கும் மருந்துகள் அக்கம்பக்கத்தையும் சேர்த்துக் கொளுத்தும். வயிற்றுக் கோளாறு என்றதும் பலர் தாமாகவே வாங்கிப் போடும் மெட்ரோனிடசோல், எலிகளில் உள் சளி அடுக்கையே மெலியச் செய்தது. அமீபா இருப்பது பரிசோதனையில் தெரிந்தால் அதுதான் சரியான மருந்து. அப்போது தயங்காமல் சாப்பிடுங்கள். சிவப்பு அம்புக்குறிக்காக வேண்டாம்.

கணவர் சொல்வதில் பாதி உண்மை உண்டு. உடல் பருமனும், இன்சுலினுக்கு உடம்பு சரியாக இணங்காத ‘இன்சுலின் எதிர்ப்பும்’ உள்ளவர்களுக்கு மூன்று மாதம் அக்கர்மான்சியா கொடுத்துப் பார்த்த ஆய்வு 2019-இல் வெளியானது. சூடாக்கிச் செயலிழக்க வைத்த பாக்டீரியாவைப் பெற்றவர்களுக்கு இன்சுலின் செயல்பாடு சற்று மேம்பட்டது, தீங்கு ஏதும் தெரியவில்லை. ஆனால் முடிவுவரை நின்றவர்கள் 32 பேர்தான். உங்களுக்கு இருப்பதோ வேறு தொல்லை. ஏற்கெனவே அதிகம் இருப்பதாகச் சொல்லப்படும் ஒன்றைப் பணம் கொடுத்து இன்னும் விழுங்குவதில் பொருளில்லை. பார்க்கின்சன் நோயாளிகளிடமும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நரம்பு நோய் உள்ளவர்களிடமும் இதே பாக்டீரியா கூடுதலாகக் காணப்பட்டிருக்கிறது. அது காரணமா விளைவா என்பது வேறு விவாதம்; ‘நல்லது’ என்று முத்திரை குத்தி விற்பவர்கள் அதைப் பற்றி மட்டும் வாய் திறப்பதில்லை. உங்கள் இருவரில் யார் சரி என்று கேட்டிருந்தீர்கள். இருவருமே ஒரே பாக்டீரியாவைப் பிடித்துக்கொண்டு சண்டை போடுகிறீர்கள். அது இருக்கும் வீட்டை மறந்துவிட்டீர்கள்.

அந்த வீட்டைச் சரிசெய்ய உங்கள் கையில் இருக்கும் வழி நார்ச்சத்து. வளர்ந்தவர்களுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 25 கிராம், உணவிலிருந்தே கிடைப்பது, என்று உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. முழு தானியம், பருப்பு, காய்கறி, பழம் என்று பலவற்றிலிருந்தும் வரட்டும். ஒவ்வொரு பாக்டீரியாவுக்கும் பிடித்த நார் வேறு. அவை நாரைப் புளிக்கவைத்து உண்டாக்கும் பியூட்ரேட் என்ற அமிலம் பெருங்குடல் செல்களின் முதன்மை எரிபொருள். சளி சுரக்கவும் அது தூண்டுகிறது. ஆனால் இரண்டு எச்சரிக்கை. மூன்று மாதப் பட்டினிக்குப் பிறகு நாளையே 25 கிராமுக்குத் தாவினால் வயிறு ஊதி, ‘டாக்டர் சொன்னதைக் கேட்டு மோசம் போனேன்’ என்று இன்னொரு கடிதம் எழுதுவீர்கள். வாரத்துக்கு ஐந்து கிராம் வீதம், தண்ணீரோடு கூட்டுங்கள். இரண்டாவது, பரிசோதனை முடியும்வரை பொறுங்கள். தீவிர அழற்சியோ குடலில் குறுக்கமோ இருந்தால் எந்த நார், எவ்வளவு என்பதை உங்கள் மருத்துவர்தான் சொல்ல வேண்டும். அதுவரை நன்றாக வேகவைத்த, தோல் நீக்கிய காய்கறிகளைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்கத் தொடங்கலாம்.

எல்லாப் பரிசோதனையும் சரியாக இருந்து, இளஞ்சிவப்பு மூலத்தால் வந்தது என்று உறுதியானால், எஞ்சுவது எரிச்சல் குடல். ஒரு காலத்தில் அதற்குச் ‘சளிப் பெருங்குடல் அழற்சி’ என்றே பெயர். அந்த அளவுக்கு அதில் சளி வருவது சகஜம். அதற்குத் தனி மருந்துகளும் உணவு முறைகளும் உண்டு, அப்போது விரிவாக எழுதுகிறேன். இடையில் காய்ச்சலோ, தூக்கத்திலிருந்து எழுப்பும் பேதியோ, காரணமில்லாத எடை இழப்போ, இப்போது தாளில் தெரியும் இளஞ்சிவப்பைவிட அதிகமாக ரத்தமோ வந்தால் அப்பாயின்ட்மென்ட் நாளுக்குக் காத்திருக்க வேண்டாம், உடனே போய்விடுங்கள்.

மருத்துவரிடம் போகும்போது பொடிப் பொட்டலத்தை எடுத்துச் செல்லுங்கள். நீங்கள் என்ன சாப்பிட்டீர்கள் என்று அவருக்குத் தெரிய வேண்டும். முப்பது பக்க ரிப்போர்ட் வீட்டிலேயே இருக்கட்டும். கயிறுகளைப் படம் எடுத்து வைத்திருக்கிறேன் என்று எழுதியிருந்தீர்களே, அதுவும் தேவையில்லை. அடுத்த முறை தாளில் இளஞ்சிவப்பு தெரிந்தால், தேதியோடு அதைப் படம் எடுத்துக் காட்டுங்கள்.